வளையமா, சத்திரசிகிச்சையா? வாவியின் இரு கரையிலிருந்து ஓர் ஒப்பாய்வு

கருப்பை இறக்கத்தோடு கிளினிக்குக்குப் போகும் பெண்ணிடம் வைத்தியர் சொல்லும் வழிகள் பெரும்பாலும் இரண்டு. உள்ளே பொருத்திக்கொள்ளும் வளையம் ஒன்று, சத்திரசிகிச்சை மற்றது. எது நல்லது என்று மருத்துவ ஏடுகளில் நீண்டகாலமாக வாதம் நடக்கிறது. மட்டக்களப்பில் அந்தக் கேள்வியை அப்படியே தூக்கி வைத்துக்கொண்டு பயனில்லை. அவள் வாவியின் எந்தக் கரையில் இருக்கிறாள், அவள் படுத்தால் வீட்டு வேலையையும் வயல் வேலையையும் யார் பார்ப்பார்கள் என்று முதலில் கேட்கவேண்டும். அதைக் கேட்ட பிறகு வளையத்துக்கும் கத்திக்கும் இடையிலான ஒப்பீடே வேறு மாதிரித் தெரிகிறது.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கடலுக்கும் அதற்கும் நடுவே ஒடுங்கிக் கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் காத்தான்குடி, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைகளும் சூரியன் எழும் பக்கத்தில் இருக்கின்றன. படுவான்கரையில் மகிழடித்தீவிலும் மண்டூரிலும் வைத்தியசாலைகள் உண்டு. ஆனாலும் பெண்ணோயியல் நிபுணரைப் பார்க்கவும் பெரிய சத்திரசிகிச்சை செய்துகொள்ளவும் பெரும்பாலும் தண்ணீரைக் கடந்துதான் ஆகவேண்டும். மண்முனைப் பாலம் 2014 ஏப்ரலில் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனம் துறையில் பாதைக்கு, அதாவது ஆளேற்றும் மிதவைக்கு, காத்து நின்றது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையில் எல்லாம் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் நெடுங்காலம் ஏற்றி இறக்கியது அந்தப் பாதைதான். மாரியில் வெள்ளம் வந்தால் பாலம் இருந்தும் பாலத்துக்கு வரும் வீதி இராது.

இனி நோயைப் பார்ப்போம். இடுப்பெலும்புகளுக்கு நடுவே, அடியில், தசைகள் ஏணைச் சீலைபோல விரிந்திருக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அதன்மேல் தங்குகின்றன. பக்கங்களிலிருந்து இழைநார்கள் அவற்றைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. பிள்ளையின் தலை வெளியே வரும்போது இந்தத் தசையின் சில பகுதிகள் மூன்று மடங்குக்கு மேல் இழுபடுவதைக் கணினி மாதிரிகள் காட்டியிருக்கின்றன. சிலருக்கு எலும்போடு ஒட்டிய இடத்தில் கழன்றே போகும். ஆயுதம் வைத்து எடுக்கும் பிரசவங்களில் அது கூட. அந்தக் காயம் அப்போது யாருக்கும் தெரியாது. இருபது முப்பது வருடம் கழித்து, மாதவிடாய் நின்று திசு மெலிந்த காலத்தில், தீராத இருமலோ மலச்சிக்கலோ பாரம் தூக்கும் பிழைப்போ சேரும்போது இறக்கம் வெளியே தெரியவரும். முன்பக்கம் சிறுநீர்ப்பை, நடுவில் கருப்பை, பின்பக்கம் மலக்குடல் என்று எது இறங்கினாலும் ஊரில் கருப்பை இறக்கம் என்றுதான் சொல்வோம். காலையில் எழும்பும்போது ஒன்றும் இராது. பின்னேரமானால் அடியில் பாரம், இடுப்புளைவு, கழுவும்போது கையில் தட்டுப்படும் ஒரு திரட்சி. சிலர் அதை விரலால் உள்ளே தள்ளிவிட்டுத்தான் சிறுநீர் கழிக்க முடியும். இது புற்றுநோய் அல்ல, இதனால் உயிர் போவதும் அரிது. அதனாலேயே இதை வருடக்கணக்கில் மறைத்து வைத்திருக்கிறார்கள்.

வளையம் பழைய வைத்தியம். பாதி மாதுளம்பழத்தை உள்ளே வைத்து இறக்கத்தைத் தாங்கிய குறிப்பு ஹிப்போக்கிரட்டீஸ் மரபின் நூல்களில் இருக்கிறது. இன்றைய வளையம் சிலிக்கோனிலோ பீ.வீ.சீ.யிலோ செய்தது. அளவு பார்த்துப் பொருத்தி, நடக்கவும் குந்தவும் முக்கவும் சிறுநீர் கழிக்கவும் சொல்லிப் பார்த்து வீட்டுக்கு அனுப்புவார்கள். மயக்கமருந்தும் இல்லை, தையலும் இல்லை. அளவு சரியென்றால் உள்ளே இருப்பதே தெரியாது. கணவன் மனைவி சேர்வதற்கும் வட்டவளையம் தடையல்ல, வேண்டுமானால் அந்நேரம் கழற்றியும் வைக்கலாம். குறை இல்லாமலில்லை. வெள்ளைபடும், வாடை வரலாம், சிலருக்கு முக்கும்போது நழுவி விழும், சிலருக்கு உரசிப் புண்ணாகும். மாதவிடாய் நின்றவர்களுக்குப் புண் வராமலிருக்க ஈஸ்ட்ரோஜன் களிம்பு கொடுப்பதுண்டு. வழக்கமாக 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி, உள்ளே பார்த்து, மறுபடி வைக்கவேண்டும். படுவான்கரைப் பெண்ணுக்கு வளையத்தில் உள்ள சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சத்திரசிகிச்சை ஒரே நாளில் தீர்ந்துபோகும் காரியமாகத் தோன்றும். பரவலாகச் செய்வது, யோனி வழியாகவே கருப்பையை எடுத்துவிட்டுத் தளர்ந்த முன்சுவரையும் பின்சுவரையும் இறுக்கித் தைப்பது. வயிற்றில் தழும்பு விழாது. அரச வைத்தியசாலையில் அதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் தையல் ஆற 6 கிழமை வேண்டும். அதுவரை குடம் தூக்கக்கூடாது, விறகு சுமக்கக்கூடாது, பேரப்பிள்ளையை இடுப்பில் வைக்கக்கூடாது. பாரமான வேலைக்குத் திரும்ப அதற்கு மேலும் காலம் பிடிக்கும். அத்தனை செய்தும் திரும்ப இறங்காது என்று எந்த வைத்தியரும் எழுதித் தரமாட்டார். அமெரிக்காவின் ஓரிகன் பகுதியில் 1995இல் இறக்கத்துக்காகவோ சிறுநீர்க் கசிவுக்காகவோ கத்தி வைத்துக்கொண்ட பெண்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 1997இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதன்படி அந்தச் சத்திரசிகிச்சைகளில் 29 சதவீதம் இரண்டாம் முறையோ அதற்கு மேலோ செய்தவை. முறைகள் அதன்பிறகு திருந்தியிருக்கின்றன. ஆனாலும் கருப்பையை எடுத்துவிட்டால் இனி இறங்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அந்த எண்தான் பதில். சிறுநீர்ப்பை இருக்கிறது, மலக்குடல் இருக்கிறது, யோனியின் உச்சியே கீழே வரவும் கூடும்.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த பெரிய ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது. முடிவு 2022 டிசம்பரில் வெளிவந்தது. தொந்தரவு தரும் அளவுக்கு இறக்கமுள்ள 440 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு வளையம் கொடுத்தார்கள், மறுபாதிக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். 24 மாதம் கழித்து நன்றாகத் தேறிவிட்டதாகச் சொன்னவர்கள் வளையக் குழுவில் 76.3 சதவீதம், சத்திரசிகிச்சைக் குழுவில் 81.5 சதவீதம். வித்தியாசம் சிறிதுதான். ஆனாலும் வளையம் சத்திரசிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்று நிறுவ அந்த முடிவு போதவில்லை. இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிற்கக்கூடாது. வளையத்தோடு தொடங்கியவர்களில் 54 சதவீதம் பேர் அந்த இரண்டு வருடத்துக்குள் சத்திரசிகிச்சைக்கு மாறிவிட்டார்கள். 76.3இல் அவர்களும் அடக்கம். அதாவது அந்த எண் வளையம் தனியாகக் கொடுத்த பலன் அல்ல. முதலில் வளையம், சரிவராவிட்டால் கத்தி என்ற ஏற்பாடு கொடுத்த பலன். மறுபக்கம், வளையத்தோடு தொடங்கியவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் கத்தியே இல்லாமல் இரண்டு வருடத்தைக் கடத்திவிட்டார்கள் என்பதையும் அதே எண் சொல்கிறது.

நெதர்லாந்துப் பெண் நினைத்தபோது மாறிக்கொள்ளலாம், வைத்தியசாலை அவளுக்குத் தூரமில்லை. களுவாஞ்சிகுடியிலோ ஆரையம்பதியிலோ உள்ள பெண்ணுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். பிரதான வீதியில் பஸ் ஓடுகிறது, காலையில் போனால் மத்தியானச் சோற்றுக்குத் திரும்பலாம். தும்பங்கேணிக்கும் வெல்லாவெளிக்கும் அப்பால் வயலோரக் கிராமத்தில் இருப்பவளுக்கு ஒரு கிளினிக் என்பது ஒரு நாள் கூலி, பஸ் காசு, கூட வர ஓர் ஆள். களை பிடுங்கும் காலத்தில் அந்த நாளை விட்டுக்கொடுக்க மனம் வராது. 2022இல் எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசை நின்றோமே, அந்த மாதங்களில் கிளினிக் திகதி தவறிய பெண்ணின் உள்ளே வளையம் இருந்தபடியேதான் இருக்கும். மாதக்கணக்கில் கழற்றாமல் மறந்துபோன வளையம் திசுவுக்குள் புதையலாம். அபூர்வமாக, சிறுநீர்ப்பைக்கோ மலக்குடலுக்கோ துளையே விழலாம். திரும்பத் திரும்ப வர முடியாதவளுக்கு வளையம் கொடுக்க வைத்தியர் தயங்குவது இதனால்தான். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்போது ஒரு முரண் வந்துவிடுகிறது. கிளினிக்குக்கு வர வழியில்லாதவளைச் சத்திரசிகிச்சைக்கு எழுதுகிறோம், 6 கிழமை ஓய்வெடுக்க வழியில்லாதவளும் அநேகமாக அவளேதான்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி இருக்கிறது. வளையத்தைக் கழற்றவும் கழுவவும் திரும்ப வைக்கவும் அந்தப் பெண்ணுக்கே கற்றுக்கொடுத்துவிடுவது. பிரித்தானியாவில் 340 பெண்களை வைத்து நடந்த ஆய்வொன்று 2023இல் வெளிவந்தது. ஒரு குழு வழக்கம்போல் கிளினிக்குக்கு வந்து வளையத்தை மாற்றிக்கொண்டது. மற்றக் குழுவுக்கு அரை மணிநேரம் உட்கார்த்திப் பழக்கினார்கள், ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள், இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசியில் விசாரித்தார்கள், சந்தேகம் வந்தால் கூப்பிட ஓர் இலக்கம் தந்தார்கள். அவ்வளவுதான். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது வாழ்க்கைத் தரத்தில் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. தாங்களே பார்த்துக்கொண்டவர்களுக்குச் சிக்கல்கள் குறைவாகவே இருந்தன. அரை மணிநேரப் பயிற்சிக்கும் ஒரு தொலைபேசி அழைப்புக்கும் சத்திரசிகிச்சைக்கூடம் வேண்டியதில்லை. மகிழடித்தீவில் ஒரு தாதிக்கும் மண்டூரில் ஒரு தாதிக்கும் பழக்கிவிட்டால் போதும். நம் ஊர்ப் பெண்கள் தங்கள் உடம்பில் கைவைக்கக் கூச்சப்படுவார்கள் என்று சிலர் மறுப்பார்கள். இறங்கியதை ஒவ்வொரு நாளும் விரலால் உள்ளே தள்ளிக்கொண்டு வயலுக்குப் போகிறவளுக்கு அந்தக் கூச்சம் எப்போதோ போய்விட்டது. கைவிரல் வாதத்தால் மடங்கியவர்களுக்கும் நினைவு மங்கியவர்களுக்கும் இது சரிவராது, அவர்களுக்குக் கிளினிக்தான்.

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய ஓய்வைப் பொறுத்தமட்டில் மட்டக்களப்புக்கு வேறு பல இடங்களுக்கு இல்லாத ஒரு பலம் உண்டு. இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்குத்தான் சீதனம். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ தாய், மகள், தங்கச்சி என்று இருப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்துக் கொடுத்துத் துடக்குக் கழியும்வரை வேலை செய்யவிடாமல் வைத்திருக்கத் தாய் பக்கத்தில் இருக்கிறாள். நேபாளத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே மருமகள் கணவன் வீட்டில் இருக்கிறாள், மலைக்கிராமங்களில் பிள்ளைபெற்றுச் சில நாளிலேயே சுமை தூக்கப் போய்விடுகிறாள். 2006இல் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் ஆதரித்த ஆய்வை வைத்து, அந்த நாட்டில் 6 லட்சம் பெண்களுக்கு இறக்கம் இருப்பதாகவும் 2 லட்சம் பேருக்கு உடனே சத்திரசிகிச்சை வேண்டுமென்றும் மதிப்பிட்டார்கள். 2008இல் நேபாள உச்ச நீதிமன்றம், இது பெண்களின் இனப்பெருக்க உரிமை சம்பந்தப்பட்டது என்று தீர்ப்பளித்து அரசுக்குக் கட்டளையிட்டது. அரசு முகாம்கள் போட்டு ஆயிரக்கணக்கில் சத்திரசிகிச்சை செய்தது. தடுப்பதைவிட அறுப்பதிலேயே அரசு கவனமாயிருக்கிறது என்று 2014இல் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் குற்றஞ்சாட்டியது. முகாமில் கருப்பையை எடுத்துக்கொண்டு அதே வீட்டுக்கு, அதே சுமைக்குத் திரும்புகிற பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நமக்குள்ள பலமும் இப்போது கழன்று வருகிறது. மகள் மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்குப் போயிருக்கிறாள். அவள் பிள்ளைகளைத் தூக்கி வளர்ப்பது, ஐம்பது வயது தாண்டிய அம்மம்மா. போரில் கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்துகிறவர்களும் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண்ணுக்குச் சத்திரசிகிச்சைத் திகதி கொடுக்கும்போது போகத்தையும் பார்க்கவேண்டும். மாரி வெள்ளாமை வெட்டி முடிந்தபிறகு, சிறுபோகம் செய்யாத வீடென்றால் அடுத்த விதைப்புவரை, படுப்பதற்குக் கொஞ்சம் காலம் கிடைக்கும். பொறுக்கக்கூடிய நிலைமையென்றால் அந்த இடைவெளியில் திகதி தரச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் வயிற்றைச் சீலையால் இறுக்கிக் கட்டினால் கருப்பை இறங்காது என்றொரு நம்பிக்கையும் நம்மிடம் இருக்கிறது. அதற்குச் சான்றில்லை. இறுக்கக் கட்டினால் அழுத்தம் கீழ்நோக்கித்தான் போகும்.

தமிழ்நாட்டின் செங்கல்பட்டில் 1981இல் கிராமப் பெண்களே சேர்ந்து தொடங்கிய ருவ்செக் அமைப்பு, அந்தப் பகுதிப் பெண்களிடம் கருப்பை இறக்கத்தோடு வாழும் அனுபவத்தைக் கேட்டு எழுதிய ஆய்வு 1999இல் அச்சில் வந்தது. பெண்களின் வாய்வழியாகவே கேட்பது இந்த விஷயத்தில் முக்கியம். நெதர்லாந்தில் யார் தேறினார்கள் என்று முடிவு செய்ததும் பெண்களின் பதில்களை வைத்துத்தான். மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையை மையமாக வைத்து வேலைசெய்த ஒரு வைத்தியர் குழு, யோனி சம்பந்தமான நோய்க்குறிகளை அளக்கும் சர்வதேசக் கேள்வித்தாளைத் தமிழாக்கிச் சோதித்து 2017இல் வெளியிட்டது.  கிழக்கிலும் அந்தத் தாள் ஒவ்வொரு கிளினிக் மேசையிலும் இருக்கவேண்டியது.

எழுவான்கரையில் தூரம் ஒரு பிரச்சினையல்ல. அங்கே உள்ள சிக்கல் வேறு. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும், நாளுக்கு ஐந்து முறை வுழூ எடுத்து, அதாவது கைகால் முகம் கழுவிச் சுத்தமாகித் தொழுகிற பெண்ணுக்கு இறக்கத்தைவிடச் சிறுநீர்க் கசிவுதான் பெரிய வேதனை. அவள் தெரிந்துகொள்ளவேண்டிய ஒன்று உண்டு. இறங்கிய சிறுநீர்ப்பை சிலவேளை குழாயை மடித்துக் கசிவை மறைத்து வைத்திருக்கும். வளையத்தாலோ தையலாலோ அதை மேலே ஏற்றியதும், இருமும்போது முன்பில்லாத கசிவு தொடங்கலாம். வளையத்தில் இது நடந்தால் கழற்றிவிட்டு வேறு வழி யோசிக்கலாம், தைத்ததைக் கழற்ற முடியாது. சத்திரசிகிச்சைக்கு முன் கொஞ்சநாள் வளையம் வைத்துப் பார்த்தால் இது முன்கூட்டியே தெரியவரக்கூடும். வளையத்தின் இந்தப் பயனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கத்திதான் என்று முடிவானாலும் கருப்பையை எடுத்தே ஆகவேண்டும் என்றில்லை. 1888இல் மான்செஸ்டரில் ஆர்ச்சிபால்ட் டொனால்ட் தொடங்கிய முறையில் கருப்பைக் கழுத்தின் ஒரு பகுதியை மட்டும் நீக்கி இழைநார்களை இறுக்குவார்கள். பழசென்று பலர் கைவிட்ட முறை அது. ஆனால் கருப்பையை வைத்துக்கொண்டே செய்யும் இன்னொரு நவீன முறையோடு அதை 434 பெண்களில் ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வு 2023இல் வந்தபோது, இரண்டு வருட வெற்றி மான்செஸ்டர் முறைக்கு 87.3 சதவீதம், மற்றதற்கு 77 சதவீதம். இன்னும் பிள்ளை வேண்டுமென்ற இளம்பெண்களுக்காகக் கருப்பையைப் பட்டிகொண்டு தாங்கிக் கட்டும் முறையொன்றை மும்பையின் வி. என். ஷிரோட்கர் வகுத்தார். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் யோனி வழியாக வலை வைப்பது பற்றிச் சொன்னால் கவனம். அவுஸ்திரேலியா 2017இல் அதை விலக்கியது, அமெரிக்கா 2019 ஏப்ரலில் விற்பனையையே நிறுத்தியது.

வளையத்துக்கும் கத்திக்கும் முன்னே இன்னொன்று இருக்கிறது. சிறுநீரையும் காற்றையும் அடக்குவதுபோல அடித்தசையை உள்ளிழுத்துப் பிடித்து விடும் பயிற்சி. பிரித்தானியா, நியூசிலாந்து, அவுஸ்திரேலியாவில் 447 பெண்களை வைத்து நடந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், பயிற்றுநர் ஒருவர் தனித்தனியே சொல்லிக்கொடுத்துச் செய்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்துத் தொந்தரவு குறைந்திருந்தது. முழுக்க வெளியே வந்துவிட்ட இறக்கத்தை இது ஏற்றாது. தொடக்கத்தில் உள்ளவர்களுக்குத்தான். பிள்ளை பெற்ற வீட்டுக்கு நம் மருத்துவமாது முதல் ஆறு கிழமைக்குள் பலமுறை வருகிறார். பிள்ளையின் நிறை பார்க்கிறார், தாய்ப்பால் பார்க்கிறார். தாயின் அடித்தசைக்கும் அந்த வருகையில் ஐந்து நிமிடம் ஒதுக்கச் சொல்லலாம்.

என் தீர்ப்பு இது. வயல் வேலையை நிறுத்த முடியாத, கிளினிக்குக்கு அடிக்கடி வர முடியாத படுவான்கரைப் பெண்ணுக்கு, கழற்றி மாட்டப் பழக்கிய வளையம்தான் முதல் தெரிவாக இருக்கவேண்டும். பழக்காமல் மாட்டி அனுப்பும் வளையத்தைவிட அவளுக்குச் சத்திரசிகிச்சையே மேல். வளையம் நிற்காதவர்கள், அதோடு வாழ விரும்பாதவர்கள், புண் ஆறாதவர்கள் கத்திக்குப் போகட்டும். ஆனால் 6 கிழமைக்கு யார் தண்ணீர் அள்ளுவார் என்று வார்டில் சேர்க்கும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வாசிக்கிற பெண்களுக்கு: 35 வயதானதும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் வெல் வுமன் கிளினிக்குக்கு அழைப்பு வரும். கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்குப் படுக்கும்போது, கீழே ஏதும் இறங்குகிறதா என்று நீங்களே கேளுங்கள். வளையம் உள்ளவர்களுக்கு இரத்தம் பட்டாலோ, நாற்றம் வந்தாலோ, சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, மாதவிடாய் நின்ற எவருக்கும் மீண்டும் இரத்தம் வந்தாலோ, அடுத்த கிளினிக் திகதிவரை பொறுக்கவேண்டாம். அன்றைக்கே வாவியைக் கடந்துவிடுங்கள்.